சரவெடி பார்ட்டிகூட போக்கர் ஆடுறது எப்படி, நல்ல கை தோத்தா என்ன பண்றது

போக்கர் கத்துக்கிட்டு ரெண்டு மூணு மாசம் ஆன ஆளுங்ககிட்ட பேசினா முக்காவாசி பேர் ஒரே புலம்பல்தான். "நான் ஒழுங்கா நல்ல சீட்டுக்கு வெயிட் பண்ணி ஆடுறேன், அந்தாளு எதை வெச்சுக்கிட்டாலும் ரெய்ஸ் பண்றான், ரெண்டும் ஏழும் வெச்சுக்கிட்டு ஆல்-இன் போடுறான், கடைசில பார்த்தா சிப்ஸ் எல்லாம் அவன் முன்னாடி குவிஞ்சு கிடக்கு." நானும் இதே புலம்பலை ரொம்ப நாள் புலம்பின ஆள்தான், அதனால யாரையும் கிண்டல் பண்ணல. இந்த மாதிரி கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிற ஆளை நான் சரவெடின்னு சொல்லுவேன், ஆங்கிலத்துல மேனியாக்னு சொல்றாங்க. இவன்கூட ஆடுறப்போ என்ன மாத்திக்கணும், மாத்திக்கிட்டும் அடி வாங்கினா என்ன பண்ணணும், இதான் இங்க எழுதப் போறேன். ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம் நோ லிமிட், கைல ரெண்டு சீட்டு, ஃபிளாப்ல மூணு, டர்ன்ல ஒண்ணு, ரிவர்ல ஒண்ணுங்கிற அளவுக்கு உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கிறேன். மத்த வார்த்தைங்களை ஒரு தடவை சொல்லிடுறேன்: கைன்னா உங்ககிட்ட வந்த சீட்டு, ஒரு ரவுண்டு ஆட்டத்துக்கும் அதே பேர்தான். ரெய்ஸ்னா பந்தயத்தை ஏத்துறது, கால்னா எதிராளி போட்ட அளவுக்கு நாமும் போடுறது, ஃபோல்டுன்னா சீட்டைக் கீழ போட்டுட்டு ஒதுங்குறது, ஆல்-இன்னா இருக்கிற சிப்ஸ் முழுசையும் வெக்கிறது, பிளஃப்னா நல்ல சீட்டு இல்லாமலே இருக்கிற மாதிரி அடிக்கிறது, பாட்னா நடுவுல சேர்ந்திருக்கிற காசு, பிளைண்ட்னா சீட்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடுற காசு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். காசு வெச்சு ஆடுறது சில இடத்துல சட்டப்படி தப்பு, உங்க ஊர்ல எப்படின்னு பார்த்துக்கோங்க. தொலைஞ்சா கவலைப்படாத காசை மட்டும் டேபிளுக்குக் கொண்டு போங்க. கடன் வாங்கி ஆடுற நிலைமை வந்துச்சுன்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல, முதல்ல ஆட்டத்தை நிறுத்திட்டு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க.

1. அவன் நிஜமாவே சரவெடிதானான்னு பாருங்க

அடிக்கடி ரெய்ஸ் பண்றவன் எல்லாம் சரவெடி கிடையாது. சில பேருக்கு அரை மணி நேரம் சீட்டு தொடர்ந்து நல்லா வரும், பார்க்கிறவனுக்கு அவன் பைத்தியம் மாதிரி அடிக்கிற மாதிரி இருக்கும். இன்னும் சில பேர் நல்லா தெரிஞ்சே வேகமா ஆடுறவங்க, எதிராளி பயப்படுறான்னு தெரிஞ்சா அடிப்பாங்க, திருப்பி அடிச்சா சத்தமில்லாம ஃபோல்டு பண்ணிட்டுப் போயிடுவாங்க. அவங்க வேற ஜாதி, அவங்ககிட்ட இந்த வித்தை எல்லாம் எடுபடாது.

அதனால முதல் இருபது முப்பது கை நீங்க ஆட்டத்துல இல்லாதப்பவும் போனை நோண்டாம பாருங்க. முக்கியமா சீட்டைத் திறந்து காட்டுற நேரம் வரும்ல, அதுல என்ன காட்டுறான்னு பாருங்க. ஒன்பதும் நாலும் வெச்சுக்கிட்டு ஃபிளாப்புக்கு முன்னாடியே பெருசா ரெய்ஸ் பண்ணியிருக்கானா, ஒண்ணுமே சேராம மூணு ரவுண்டும் அடிச்சிருக்கானா, அவனை யாராவது திருப்பி ரெய்ஸ் பண்ணா விடாம கூடவே போறானா. இந்த மூணுல ரெண்டு இருந்தா அவன் சரவெடிதான், சந்தேகமே வேணாம். ஒரே ஒரு தடவை பிளஃப் பண்ணி மாட்டினவனை வெச்சு முடிவு பண்ணிடாதீங்க.

2. எங்க உக்காரணும்

சீட்டு மாத்திக்க வழி இருந்தா அவன் உங்களுக்கு வலது பக்கம் இருக்கிற மாதிரி உக்காருங்க. ஆட்டம் கடிகார முள் மாதிரி வலமா சுத்தி வரும், அதனால அநேகமா அவன் என்ன பண்ணான்னு பார்த்துட்டுதான் உங்க முறை வரும். அவன் ரெய்ஸ் பண்ணா குப்பைச் சீட்டை காசு போடாமலே தூக்கிப் போடலாம், நல்ல சீட்டா இருந்தா திருப்பி அடிக்கலாம். அவன் இடது பக்கம் இருந்தா நீங்க பிளைண்ட் அளவுக்கு ஒரு கால் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க, பின்னாடி இருந்து அவன் பத்து மடங்கு ஏத்திவிடுவான். அவனை இடது பக்கம் வெச்சு பொறி வைக்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், புதுசா ஆடுறவங்களுக்கு அது வேணாம்.

3. எந்தக் கைக்கு மதிப்பு கூடுது, எதுக்கு குறையுது

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. சரவெடி வந்ததும் ஒண்ணு பயந்து போய் ஏஸ் ஜோடி வந்தாதான் ஆடுவேன்னு கல்லு மாதிரி உக்காந்துடுவாங்க, இல்லன்னா ரோஷம் வந்து அவன் மாதிரியே குப்பையை வெச்சு அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஏஸ் ஜோடி சராசரியா 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். நேர்ல ஆடுற டேபிள்ல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 கைன்னு வெச்சாகூட ஏழு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள சரவெடி தன் காசை வேற யாருக்காவது குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

அவன்கிட்ட எந்த ரெண்டு சீட்டும் இருக்கலாம்னா, அதுக்கு எதிரா உங்க கை எவ்வளவு தேறும்னு பார்த்தா போதும். ஒன்பது ஜோடி அந்த மாதிரி கண்டபடி வந்த கைக்கு எதிரா நூத்துக்கு 72 தடவை ஜெயிக்கும். ஏஸ்-கிங் கிட்டத்தட்ட 65. சாதாரண டேபிள்ல ஒரு பெரிய ரெய்ஸுக்கு முன்னாடி தயங்கி தயங்கி போடுற ஏஸ்-ஜாக், கிங்-குயின், எட்டு ஒன்பது ஜோடி இதெல்லாம் இவன்கிட்ட தைரியமா ஆடற கைங்க.

மதிப்பு குறையறது எதுக்குன்னா, ஆறு-ஏழு ஒரே ஜாதில (ரெண்டும் ஹார்ட் மாதிரி) வர்ற அழகான கைங்களுக்கும் ரெண்டு மூணு மாதிரி சின்ன ஜோடிங்களுக்கும். இதெல்லாம் சீப்பா ஃபிளாப் பார்த்து பெருசா அடிக்கணும்னு ஆடற சீட்டு. கைல இருக்கிற ஜோடி ஃபிளாப்ல மூணா மாறுறது எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான். அவன் பெரிய பிளைண்டு மாதிரி பதினஞ்சு மடங்கு ரெய்ஸ் போட்டுட்டான், உங்ககிட்ட இருக்கிறதே நூறு மடங்குதான்னா, ஏழு தடவை பதினஞ்சு பதினஞ்சா விட்டுட்டு எட்டாவது தடவை எடுக்கிறது கட்டுபடியாகாது, கணக்குப் போட்டுப் பாருங்க.

4. அவனைத் தனியாப் பிரிச்சு எடுங்க

ஏஸ் ஜோடி ஒருத்தனுக்கு எதிரா 85 சதவீதம் ஜெயிக்கும். ரெண்டு பேர் வந்தா 73. நாலு பேர் வந்தா 56தான். சீட்டு அதேதான், கூட்டம் கூடக் கூட யாருக்காவது ஏதாவது சேர்ந்துடும். அதனால சரவெடி ரெய்ஸ் பண்ணதும் நல்ல கை வெச்சுக்கிட்டு வெறும் கால் போட்டு உக்காராதீங்க, பின்னாடி இருக்கிறவன் எல்லாம் ஆளுக்கொரு கால் போட்டு உள்ள வந்துடுவான். அவன் போட்டதுக்கு மூணு மடங்கு ரெய்ஸ் போடுங்க, மத்தவங்க ஒதுங்குவாங்க, அவன் ஒதுங்க மாட்டான், அதானே நமக்கு வேணும்.

இதுல ஒரு எச்சரிக்கை. சரவெடி இருக்கிற டேபிள்ல உண்மையான ஆபத்து அவன் இல்ல, மூணாவதா ஒருத்தர் ஒரு மணி நேரமா வாயே திறக்காம தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருப்பார் பாருங்க, அவர்தான். நீங்க சரவெடிக்கு வெச்ச பொறியைதான் அவரும் வெச்சிருக்கார். சரவெடி அடிச்சு, நீங்க ரெய்ஸ் பண்ணி, அதுக்கு மேல அவர் ரெய்ஸ் பண்ணார்னா உங்க ஏஸ்-ஜாக்கை மரியாதையா கீழ வெச்சிடுங்க. அந்த ரெய்ஸ் சரவெடிக்கு மட்டும் இல்ல, உங்களையும் பார்த்துட்டுதான் போட்டிருக்கார்.

5. பிளஃப் பண்ணாதீங்க, அவனை அடிக்க விடுங்க

ஃபோல்டு பண்ணத் தெரியாதவன்கிட்ட பிளஃப் பண்றது செவுத்துக்கிட்ட பேரம் பேசுற மாதிரி. ஃபிளஷுக்கு (அஞ்சு சீட்டும் ஒரே ஜாதி) நாலு சேர்ந்திருக்கு, ஒரு பெரிய அடி அடிச்சா அவன் ஓடிடுவான்னு நினைப்பீங்க, ஓட மாட்டான், ஃபிளாப்ல இருக்கிறதிலேயே சின்ன சீட்டோட சேர்ந்த ஜோடியை வெச்சுக்கிட்டு கால் பண்ணுவான். ஃபிளாப்ல நாலு சேர்ந்த ஃபிளஷ் ரிவருக்குள்ள வர்றது 35 சதவீதம், டர்ன் வரைக்கும் வராம ரிவர் மட்டும் பாக்கின்னா 20க்கும் கொஞ்சம் கம்மி. விலை சரியா இருந்தா கால் பண்ணுங்க, இல்லன்னா விட்டுடுங்க, அவ்வளவுதான் வேலை.

விலைன்னா என்னன்னு ஒரு தடவை சொல்லிடுறேன், ஏன்னா இது தெரியாமதான் பாதிப் பேர் பயப்படுறாங்க. பாட்ல 300 இருக்கு, அவன் 300 போடுறான். நீங்க 300 போட்டா மொத்தம் 900, உங்க பங்கு மூணுல ஒண்ணு. அதாவது மூணு தடவைக்கு ஒரு தடவை ஜெயிச்சாலே உங்க காசு உங்ககிட்ட வந்துடும். பாதி பாட் அடிச்சா நாலுல ஒண்ணு ஜெயிச்சா போதும். சரவெடிங்க வழக்கமா பண்ற மாதிரி 300 பாட்டுக்கு 600 தூக்கிப் போட்டான்னா, நீங்க 600 போட்டு மொத்தம் 1500, 40 சதவீதம் ஜெயிச்சா போதும். பார்க்க பயங்கரமா இருக்கிற அந்த அடிக்குக்கூட நீங்க பாதி நேரம் ஜெயிக்கணும்னு அவசியமே இல்ல. சும்மா சும்மா அடிக்கிறவன்கிட்ட மேல் ஜோடியும் (நடுவுல இருக்கிறதிலேயே பெரிய சீட்டோட சேர்ந்த ஜோடி) நல்ல பக்கச் சீட்டும் (கைல ஜோடி சேராத இன்னொரு சீட்டு) இருந்தா அதை விட ஜாஸ்தியாவே ஜெயிப்பீங்க.

அப்புறம், ஃபிளாப் பார்த்த உடனேயே ரிவர் வரைக்கும் முடிவு பண்ணிடுங்க. இதுல மேல் ஜோடி இருக்கு, பயமுறுத்துற சீட்டு வரலன்னா அவன் எவ்வளவு போட்டாலும் கடைசி வரைக்கும் போறேன், இல்ல, இது வேணாம் இப்பவே விடுறேன். இதுல ஏதாவது ஒண்ணு. ஃபிளாப்ல 100 கட்டி, டர்ன்ல 250 கட்டி, ரிவர்ல அவன் ஆல்-இன் போட்டதும் கை நடுங்கி ஃபோல்டு பண்றதுதான் இருக்கிறதிலேயே மட்டமான ஆட்டம், நடுவுல கட்டின காசு எல்லாம் அவனுக்கு மொய் எழுதின மாதிரி. அந்த முடிவை ரிவர்ல எடுக்க நினைக்காதீங்க, அந்த நேரத்துல நெஞ்சு படபடக்கிற சத்தத்துல ஒண்ணும் ஓடாது.

6. ஒரு கை, முழுசா

என்கிட்ட நடந்தது ஒண்ணு சொல்றேன். தெரிஞ்சவங்க ஆறு பேர், பிளைண்ட் 5-10, ஆளுக்கு 1000 சிப்ஸ். சரவெடி எனக்கு வலது பக்கம். அவர் 60 ரெய்ஸ், நான் ஏஸ்-குயின் வெச்சுக்கிட்டு 180, மத்த எல்லாரும் ஃபோல்டு, அவர் சீட்டைக்கூட இன்னொரு தடவை பார்க்காம கால். பாட்ல 375.

ஃபிளாப் குயின், எட்டு, மூணு, மூணும் மூணு ஜாதி. இதைவிட சுத்தமான ஃபிளாப் வராது. அவரே முந்திக்கிட்டு 200 போட்டார், நான் ரெய்ஸ் பண்ணல, கால் மட்டும். ஏன்னா நான் ரெய்ஸ் பண்ணா ஒண்ணுமே இல்லாத சமயத்துல அவர்கூட ஒருவேளை நிறுத்திடுவார், கால் பண்ணா டர்ன்ல மறுபடியும் அடிப்பார்னு தெரியும். டர்ன்ல அஞ்சு, அதுவும் நாலாவது ஜாதி. பாட்ல 775. அவர் மிச்சம் இருந்த 620 முழுசையும் நடுவுல தள்ளினார், தள்ளினதுல ரெண்டு சிப்ஸ் உருண்டு என் மடியில விழுந்துச்சு. நான் கால்.

திறந்தார். எட்டும் ஆறும். எட்டு ஜோடி. பார்க்காத சீட்டு 44 இருக்கு, அதுல அவரைக் காப்பாத்தக்கூடியது மீதி ரெண்டு எட்டு, மூணு ஆறு, ஆக அஞ்சு சீட்டு. எனக்கு 39, அவருக்கு 5. நூத்துக்கு கிட்டத்தட்ட 89 எனக்கு.

ரிவர்ல ஆறு.

டேபிள்ல எல்லாரும் "ஐயோ"ன்னாங்க, அவர் மட்டும் "ஆறு வரும்னு தெரியும்"னார். அதைத்தான் இன்னும் மறக்க முடியல.

7. இப்போ அடி விழுந்தாச்சு, என்ன பண்றது

மொத்த பாட் 2015. காசு உள்ள போன நிமிஷத்துல அதுல என் பங்கு 44ல 39, அதாவது 1786 சிப்ஸ். நான் அந்த கடைசி காலுக்குக் கட்டினது 620. இந்த வியாபாரத்தை யாராவது தினமும் குடுத்தா தினமும் கையெழுத்துப் போடுவேன். அன்னைக்கு வந்த ஆறு அந்தக் கணக்கை மாத்தாது, என் ராத்திரித் தூக்கத்தைத்தான் மாத்துச்சு.

யோசிச்சுப் பார்த்தா இன்னொண்ணு புரியும், பேட் பீட் (முன்னாடி இருந்தும் அடுத்து வர்ற சீட்டால தோக்கிறது) வாங்கணும்னாலே முதல்ல நாம முன்னாடி இருக்கணும். பின்தங்கின கையோட காசு போடுறவனுக்கு அதிர்ஷ்டம் மட்டும்தான் அடிக்க முடியும், துரதிர்ஷ்டம் அடிக்க வழியே இல்ல. அதனால சரவெடிகூட ஒழுங்கா ஆடுறவன் மத்தவங்களைவிட ஜாஸ்தி பேட் பீட் வாங்குவான், அது ஆட்டத்தோட விலை. 80 சதவீதம் சாதகமா அஞ்சு தடவை ஆல்-இன் போறீங்கன்னு வைங்க, அஞ்சையும் ஜெயிக்கிறது மூணுல ஒரு தடவைதான் நடக்கும். மூணுல ரெண்டு ராத்திரி ஒரு அடியாவது விழுந்தே தீரும். அதே 80 சதவீதத்துல தொடர்ந்து மூணு தடவை தோக்கிறது 125ல ஒண்ணு, கேக்க அபூர்வமா இருக்கு, ஆனா வருஷக்கணக்கா ஆடுறவனுக்கு அது பல தடவை வரும். ஆன்லைன்ல ஆடுறவங்க சாஃப்ட்வேர் ஃபிராடுன்னு திட்டுறதுக்கும் பெரும்பாலும் காரணம் இதான், அங்க ஒரு மணி நேரத்துக்கு கை எண்ணிக்கை ரெண்டு மடங்குக்கு மேல, அடியும் அதே வேகத்துல வரும்.

பெரிய இடத்துலயும் இதான் கதை. 1976 உலக போக்கர் சீரிஸ் மெயின் ஈவென்ட்ல அமெரிக்க ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் கடைசிக் கையில பத்தும் ரெண்டும் வெச்சிருந்தார், ஃபிளாப் ஏஸ், ஜாக், பத்து. எதிராளி கைல ஏஸ்-ஜாக், மேல் ரெண்டு ஜோடி. டர்ன்ல ரெண்டு, ரிவர்ல பத்து, பிரன்சனுக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூணு, கூட ஒரு ஜோடி). அடுத்த வருஷமும் கடைசிக் கை அதே பத்தும் ரெண்டும், அதே மாதிரி ஃபுல் ஹவுஸ். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கைக்கு அவர் பேர்தான். அதுக்காக பத்தும் ரெண்டும் வந்தா ஆடணும்னு இல்ல.

சரி, அடி விழுந்த அடுத்த நிமிஷம் செய்ய வேண்டியது. சீட்டு போடுறதுக்கு முன்னாடி எழுந்திருங்க, ரெண்டு கை ஆடாம விடுங்க, முகம் கழுவிட்டு வாங்க. அவனைப் பார்த்து "எட்டு ஆறை வெச்சு எப்படி ஆல்-இன் போடுவே"ன்னு பாடம் எடுக்காதீங்க. ஒண்ணு அவன் கோவிச்சுக்கிட்டு போயிடுவான், இல்லன்னா நீங்க சொன்னதைக் கேட்டு திருந்திடுவான், ரெண்டுமே உங்களுக்கு நஷ்டம். நல்லா ஆடினீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு சிப்ஸைத் தள்ளுங்க.

டில்ட் (கோவத்துல நிதானம் இழந்து ஆடுறது) வந்துடுச்சான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. சீட்டை முழுசாப் பார்க்கிறதுக்கு முன்னாடியே சிப்ஸ் மேல கை போகுதா, அவன் ரெய்ஸ் பண்ணாதான் ஆடணும்னு தோணுதா, மத்தவங்களோட கை எல்லாம் கண்ணுக்கே தெரியலையா, இவ்வளவு நேரம் வரல இப்ப வந்தே தீரும்னு மனசு சொல்லுதா. சீட்டுக்கட்டுக்கு ஞாபக சக்தி கிடையாது, போன கை தோத்ததுக்கு இந்தக் கைல ஈடு கட்டாது. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு கிளம்புங்க.

எவ்வளவு தோத்தா கிளம்பணும்ங்கிறதை வீட்டுல இருந்தே முடிவு பண்ணிட்டு வரணும். நான் ரெண்டு பை-இன்னுக்கு (டேபிள்ல உக்கார ஒரு தடவை கட்டுற காசு) மேல கொண்டே போக மாட்டேன், மூணாவதுக்கு பாக்கெட்ல காசே இருக்காது. தொடர்ந்து ஆடுறவங்க, 100 பெரிய பிளைண்டு ஒரு பை-இன்னுன்னா, அந்த மாதிரி 20ல இருந்து 30 தனியா ஒதுக்கி வெச்சிருக்கணும்னு சொல்லுவாங்க. சரவெடி இருக்கிற டேபிளுக்கு அதைவிட ஜாஸ்தி இருந்தா நல்லது, பாட் எல்லாம் பெருசாகும், ஏத்த இறக்கமும் பெருசாகும். அவன் முன்னாடி 3000 குவிஞ்சிருக்கேன்னு மிரளாதீங்க, உங்ககிட்ட 1000 இருந்தா அந்தக் கையில அவனால அடிக்க முடியறதும் 1000தான்.

8. ஒரு நோட்டு வாங்குங்க

இதைப் பண்ணாதவங்கதான் பத்து வருஷம் ஆனாலும் அதே புலம்பலைப் புலம்புறாங்க. பெரிய பாட் ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு வரி, உங்க கை, அவன் கை, காசு உள்ள போனப்போ உங்க சதவீதம் எவ்வளவு, நீங்க எடுத்த முடிவு சரியா தப்பா. ஜெயிச்சதா தோத்ததாங்கிறதை கடைசில சின்னதா எழுதுங்க. சதவீதத்துக்கு மிஷின் வேணும்னு இல்ல, உங்களைக் காப்பாத்துற சீட்டு எத்தனைன்னு எண்ணி ஃபிளாப்ல நாலால பெருக்குங்க, டர்ன்ல ரெண்டால பெருக்குங்க, கிட்டத்தட்ட சரியா வரும். ஒரு மாசம் கழிச்சுப் புரட்டினா நாம துரதிர்ஷ்டம்னு நினைச்ச கைல பாதி, ஏஸ் ஜோடிக்கு ரெய்ஸ் பண்ணாம நாலு பேரை உள்ள விட்டதும் வாயே திறக்காதவர் ரெய்ஸுக்கு கால் பண்ணதும்தான்னு தெரிய வரும்.

அன்னைக்கு ராத்திரி ஏஸ்-குயின் கைக்கு நான் எழுதினது "89, சரி, போச்சு". அதுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு கை இருக்கு, ரெண்டாவது பை-இன்ல, ஒன்பதும் ஏழும் வெச்சுக்கிட்டு அவர் ஆல்-இன்னுக்கு வெறும் கோவத்துல கால் பண்ணேன், அவர் ஏஸ்-ஒன்பது காட்டினார், ரிவர்ல ஏழு விழுந்து நான் ஜெயிச்சு சேரை விட்டு எழுந்து கத்தினேன். நோட்டுல அந்த வரிக்குத்தான் சிவப்பு இங்க்ல பெருசா தப்பு போட்டிருக்கேன்.